மைசெல்ஃப் எங்கே, மீ எங்கே: ஆங்கிலத்தின் ‘செல்ஃப்’ சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க வருபவர்கள் டென்ஸுக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். மீ, யூ, ஹிம், ஹெர், அஸ், தெம் எல்லோருக்கும் தெரியும். மைசெல்ஃப், யுவர்செல்ஃப், ஹிம்செல்ஃப், ஹெர்செல்ஃப், இட்செல்ஃப், அவர்செல்வ்ஸ், யுவர்செல்வ்ஸ், தெம்செல்வ்ஸ் என்ற எட்டும் பள்ளியில் மனப்பாடம் செய்தவைதான். ஆனால் ஒரு வாக்கியம் எழுத உட்கார்ந்தால் எதைப் போடுவது என்று கை நின்றுவிடுகிறது. இதற்குக் காரணம் சோம்பலோ அறிவுக்குறைவோ இல்லை. இதே வேலையைத் தமிழ் வேறு விதமாகச் செய்கிறது, அந்தப் பழக்கம் நம் வாயில் ஊறியிருக்கிறது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் விதி மனதில் நிற்கும் என்பதால் சில பதில்கள் நீளமாக இருக்கும்.

அடிப்படை விதி என்ன? ஒரே வரியில் சொல்ல முடியுமா?

முடியும். எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே ஆள் என்றால் செல்ஃப், வேறு வேறு ஆள் என்றால் சாதாரணச் சொல். ‘ரவி ஹர்ட் ஹிம்செல்ஃப்’ என்றால் அடிபட்டது ரவிக்கே. ‘ரவி ஹர்ட் ஹிம்’ என்றால் ரவி வேறு ஒருவரைக் காயப்படுத்தியிருக்கிறான். இரண்டு வாக்கியத்திலும் இலக்கணப் பிழை கிடையாது, அதனால்தான் இது ஆபத்தான இடம். கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாது. ஒரு விபத்து அறிக்கையில் இந்த ஒரு சொல் மாறினால் காயம்பட்டவரே மாறிவிடுவார்.

‘ஐ சா மீ இன் தி மிரர்’ ஏன் தப்பு? தமிழில் ‘என்னை’தானே?

தமிழில் ‘என்னை’தான், சரி. ‘அவள் என்னைப் பார்த்தாள்’, ‘நான் என்னைக் கண்ணாடியில் பார்த்தேன்’ இரண்டுக்கும் நமக்கு ஒரே சொல். ‘உன்னை’ என்பதும் அப்படித்தான். தமிழில் தன்னைச் சுட்டுவதற்கென்று தனியாக இருக்கும் தான், தன்னை, தனக்கு எல்லாம் படர்க்கைக்கு மட்டும்தான் வரும். தன்மைக்கும் முன்னிலைக்கும் அப்படி ஒன்று நம்மிடம் இல்லை, தேவையும் படவில்லை. ஆங்கிலமோ மூன்று இடத்துக்கும் தனித்தனியாகக் கேட்கிறது. அதனால் ‘ஐ சா மைசெல்ஃப் இன் தி மிரர்’, ‘யூ மஸ்ட் டிரஸ்ட் யுவர்செல்ஃப்’.

ஒரு விஷயம் தெரிந்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலமும் நம் தமிழ் போலத்தான் இருந்தது. சாதாரண மீ, ஹிம் போன்ற சொற்களே இரண்டு வேலையையும் பார்த்தன. செல்ஃப் என்பது அழுத்தம் கொடுக்க மட்டும் பக்கத்தில் வந்து, பிறகு மெதுவாக ஒட்டிக்கொண்டு கட்டாயமானது. 1611-இல் வந்த ஆங்கில பைபிளின் மூன்றாம் சங்கீதத்தில் ‘ஐ லெய்ட் மீ டவுன் அண்ட் ஸ்லெப்ட்’ என்றே இருக்கிறது. இன்று அப்படி எழுதினால் பிழை.

‘குமார், ரவி தன்னை அடித்ததாகச் சொன்னான்’ என்பதை எப்படி எழுதுவது? ஹிம்மா, ஹிம்செல்ஃபா?

‘குமார் செட் தட் ரவி ஹிட் ஹிம்.’ இங்கே ஹிம்செல்ஃப் போடவே கூடாது. நல்ல மார்க் எடுப்பவர்களும் ‘தன்னை என்றால் ஹிம்செல்ஃப்’ என்று மனதில் பதிய வைத்துக்கொண்டு இங்கே தவறுகிறார்கள்.

தமிழ் வாக்கியத்தில் அடி வாங்கியது குமார். ‘தன்னை’ என்ற சொல் பக்கத்தில் நிற்கும் ரவியை விட்டுவிட்டு, தூரத்தில் முதலில் நிற்கும் குமாரைப் போய்ப் பிடிக்கிறது. ரவியே ரவியை அடித்துக்கொண்டான் என்று சொல்ல வேண்டுமானால் நாம் ‘தன்னைத்தானே அடித்துக்கொண்டதாக’ என்று கூடுதலாகச் சேர்ப்போம். ஆங்கிலச் செல்ஃபுக்கு இந்தத் தூரப் பார்வை கிடையாது. ஒவ்வொரு வினையையும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘செட்’ ஒரு வீடு, அதன் ஆள் குமார். ‘ஹிட்’ இன்னொரு வீடு, அதன் ஆள் ரவி. செல்ஃப் சொல் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டு ஆளைத்தான் குறிக்கும். எனவே ‘குமார் செட் தட் ரவி ஹிட் ஹிம்செல்ஃப்’ என்றால் ரவி தன்னைத்தானே அடித்துக்கொண்டான் என்று ஆகிவிடும். அமெரிக்க மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி 1981-இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: செல்ஃப் சொல்லுக்கு உரிய ஆள் அதே எல்லைக்குள் இருக்க வேண்டும், ஹிம் போன்ற சொல்லுக்கு உரிய ஆள் அந்த எல்லைக்குள் இருக்கக் கூடாது.

இதை வகுப்பில் விளக்க நான் எடுப்பது 305ஆவது குறள்: ‘தன்னைத்தான் காக்கின் சினங்காக்க காவாக்கால் தன்னையே கொல்லும் சினம்’. இதில் இரண்டு ‘தன்னை’ இருக்கிறது. முதல் இடத்தில் காப்பவனும் காக்கப்படுபவனும் ஒரே ஆள், எனவே ஆங்கிலத்தில் ஹிம்செல்ஃப். இரண்டாவது இடத்தில் கொல்வது சினம், கொல்லப்படுவது அந்த ஆள். எழுவாய் மாறிவிட்டது. அதனால் அங்கே ஹிம்தான் வர வேண்டும், செல்ஃப் போட்டால் சினம் தன்னைத்தானே கொன்றுகொள்கிறது என்று பொருள் தலைகீழாகிவிடும். தமிழில் ஒரே சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிவதை இவ்வளவு பக்கத்தில் பக்கத்தில் காட்டும் உதாரணம் எனக்கு வேறு கிடைத்ததில்லை.

‘டு’ போட்டு வரும் வினைகளில் யார் எழுவாய் என்றே தெரியவில்லையே?

அங்கே எழுவாய் ஒளிந்திருக்கும், நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ‘ரவி ஆஸ்க்ட் குமார் டு இன்ட்ரொட்யூஸ் ஹிம்செல்ஃப்’ என்றால் ரவி கேட்கிறான், ஆனால் அறிமுகம் செய்யப்போவது குமார். எனவே ஹிம்செல்ஃப் குமாரைக் குறிக்கும்: ‘உன்னை அறிமுகப்படுத்திக்கொள்’ என்று ரவி சொல்லியிருக்கிறான். அதையே ஹிம் என்று மாற்றினால் ‘என்னை அறிமுகப்படுத்து’ என்று ரவி கேட்டதாக ஆகலாம், மூன்றாவது ஆள் ஒருவரையும் குறிக்கலாம். இப்போது ஆஸ்க்ட் இருக்கும் இடத்தில் ப்ராமிஸ்ட் போடுங்கள். ‘ரவி ப்ராமிஸ்ட் குமார் டு இன்ட்ரொட்யூஸ் ஹிம்செல்ஃப்’ என்றால் வாக்குக் கொடுத்தவனே செய்யப்போகிறவன், ஆகவே ஹிம்செல்ஃப் இப்போது ரவி. ஒரு வினை மாறியதும் ஆளே மாறிவிட்டான். ‘அந்த டு-வுக்குப் பின்னால் வரும் வேலையைச் செய்யப்போவது யார்?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதினால் போதும்.

கட்டளையிலும் இதேதான். ‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ என்பதில் யூ கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது.

தமிழில் ‘கொள்’ வரும் இடமெல்லாம் செல்ஃப் போடலாமா?

கூடாது. தமிழ்நாட்டு மாணவர்கள் எழுதும் ஆங்கிலத்தில் வேண்டாத செல்ஃப் நிறைய நுழைவது இந்த வழியாகத்தான் என்பது என் அனுபவம். நாம் கற்றுக்கொள்கிறோம், புரிந்துகொள்கிறோம், ஒப்புக்கொள்கிறோம், தலை வாரிக்கொள்கிறோம், கல்யாணம் செய்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இதெல்லாம் ‘ஐ லேர்ன்ட்’, ‘ஐ அண்டர்ஸ்டுட்’, ‘ஐ அக்ரீட்’, ‘ஐ கோம்ப்ட் மை ஹேர்’, ‘ஷி காட் மேரீட்’. ஒன்றில்கூட செல்ஃப் இல்லை.

நான் சொல்லித்தரும் சோதனை இது. அந்தத் தமிழ் வாக்கியத்தில் ‘என்னையே’ அல்லது ‘தன்னையே’ என்று நுழைத்துப் பாருங்கள். ‘நான் என்னையே திட்டிக்கொண்டேன்’, பொருள் வருகிறது, எனவே ‘ஐ ஸ்கோல்டட் மைசெல்ஃப்’. ‘நான் என்னையே கற்றுக்கொண்டேன்’, பொருள் வரவில்லை, எனவே செல்ஃப் வேண்டாம். கத்தி பட்டு விரலில் காயம் என்றால் ‘ஐ கட் மை ஃபிங்கர்’ போதும், ஏனென்றால் செயப்படுபொருள் இருக்க வேண்டிய இடத்தில் விரல் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டது. எந்த இடத்தில் காயம் என்று சொல்லாவிட்டால் மட்டும் ‘ஐ கட் மைசெல்ஃப்’.

குளிப்பது, ஷேவ் செய்வது, உடுத்துவது போல நாம் தினமும் நமக்கே செய்துகொள்ளும் வேலைகளுக்கும் ஆங்கிலத்தில் வழக்கமாகச் செல்ஃப் வராது: ‘ஹி ஷேவ்ட் அண்ட் காட் ட்ரெஸ்ட்’. ஆனால் கை ஒடிந்து கட்டுப்போட்டிருந்தவர் இப்போது தானாகவே உடுத்திக்கொள்கிறார் என்றால் ‘ஹி கேன் ட்ரெஸ் ஹிம்செல்ஃப் நவ்’ என்பது சரி, அங்கே அதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஃபீல், ரிலாக்ஸ், கான்சென்ட்ரேட் மூன்றையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். ‘ஐ ஃபீல் மைசெல்ஃப் டயர்ட்’ இல்லை, ‘ஐ ஃபீல் டயர்ட்’.

அப்படியானால் செல்ஃப் கட்டாயம் வர வேண்டிய வினைகள் உண்டா?

உண்டு. மேலே சொன்ன சோதனை இவற்றிடம் செல்லாது, மனப்பாடம்தான் வழி. முதலில் என்ஜாய். ‘ஹவ் வாஸ் தி டூர்?’ என்று கேட்டால் ‘ஐ என்ஜாய்ட்’ என்று பாதியில் நிறுத்தக் கூடாது. ‘ஐ என்ஜாய்ட் இட்’ அல்லது ‘ஐ என்ஜாய்ட் மைசெல்ஃப்’ என்று முடிக்க வேண்டும். தட்டை நீட்டி ‘என்ஜாய்!’ என்பது மட்டும் இன்று எல்லா நாட்டிலும் பழகிவிட்டது.

அடுத்தது நம் அலுவலகக் கடிதங்களில் அடிக்கடி வரும் அப்சென்ட். ‘ஹி அப்சென்டட் ஃப்ரம் டியூட்டி’ என்று மெமோவில் பார்க்கிறோம். வினையாக வரும்போது அதற்குச் செல்ஃப் கட்டாயம்: ‘ஹி அப்சென்டட் ஹிம்செல்ஃப் ஃப்ரம் டியூட்டி’. அது பாரமாகத் தெரிந்தால் ‘ஹி வாஸ் அப்சென்ட்’ என்று எழுதிவிடலாம், அதுதான் நல்ல ஆங்கிலமும்கூட. அவெய்ல் என்ற வினைக்கும் பழைய வழக்கு ‘அவெய்ல்ட் ஹிம்செல்ஃப் ஆஃப் தி ஆஃபர்’ என்பது. இந்திய அலுவலகங்களில் ‘அவெய்ல்ட் லீவ்’ என்பது வேரூன்றிவிட்டது, இங்கே யாரும் திருத்த மாட்டார்கள். ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் ‘டுக் லீவ்’ என்று எழுதுங்கள்.

‘மைசெல்ஃப் குமார், ஃப்ரம் மதுரை’ என்று சொன்னால் என்ன தப்பு?

மைசெல்ஃப் எழுவாயாகத் தனியே நிற்க முடியாது, வாக்கியத்தில் வினையும் இல்லை. ‘ஐ ஆம் குமார்’ அல்லது ‘மை நேம் இஸ் குமார்’ என்பதே சரி.

இப்படிப் பேசுபவர்களைக் கிண்டல் செய்வதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும், ஏனென்றால் இதற்குப் பின்னால் ஒழுங்கான காரணம் இருக்கிறது. ‘நான் குமார்’ என்பது தமிழில் முழு வாக்கியம், ‘ஆம்’ போல ஒரு சொல் அங்கே தேவையே இல்லை. அந்த அச்சில்தான் ‘மைசெல்ஃப் குமார்’ வார்க்கப்படுகிறது. ‘ஐ’ இருக்க வேண்டிய இடத்தில் மைசெல்ஃப் ஏன் வந்தது என்றால், எனக்குத் தோன்றுவது, இன்டர்வியூவில் ‘டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்’ என்று கேட்கிறார்கள், யுவர்செல்ஃப் என்று கேட்டதற்கு மைசெல்ஃப் என்று பதில் சொல்வது இயல்பாகப் படுகிறது. இந்தியாவில் எல்லோருக்கும் இது புரியும். ஆனாலும் இன்டர்வியூவில் உங்கள் முதல் வாக்கியம் அது. அதைத் திருத்த ஒரு நிமிஷம் போதும், எனவே திருத்திவிடுங்கள்.

‘ப்ளீஸ் காண்டாக்ட் குமார் ஆர் மைசெல்ஃப்’ மரியாதையாக இல்லையா?

மரியாதையாகத் தோன்றுகிறது, அதனால்தான் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர்களே இதை எழுதுகிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து வரும்போது ஐ-யா மீ-யா என்ற சந்தேகத்தில் மைசெல்ஃபுக்குள் ஒதுங்கிவிடுகிறார்கள். நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டாம். கூட வரும் ஆளை எடுத்துவிட்டுப் படியுங்கள். ‘ப்ளீஸ் காண்டாக்ட் மீ’ என்றுதானே சொல்வோம், எனவே ‘ப்ளீஸ் காண்டாக்ட் குமார் ஆர் மீ’. ‘ஐ வில் கம்’ என்போம், எனவே ‘குமார் அண்ட் ஐ வில் கம்’. மீ என்பது மரியாதைக் குறைவான சொல் கிடையாது.

ஆன், வித், பிஹைண்ட் போன்றவற்றுக்குப் பிறகு?

இடத்தை மட்டும் சொல்லும்போது, எழுவாயும் அதே ஆளாக இருந்தாலும் சாதாரணச் சொல்தான் வரும். விதியை நன்றாகப் படித்தவர்களே தடுமாறும் இடம் இது. ‘டேக் அன் அம்ப்ரெல்லா வித் யூ’, ‘ஐ ஹேவ் நோ மணி ஆன் மீ’, ‘ஹி ஷட் தி டோர் பிஹைண்ட் ஹிம்’, ‘ஷி புட் தி பேக் பிசைட் ஹெர்’. குடை, பணம், கதவு, பை இவைதான் இங்கே பேச்சு, ஆள் வெறும் இடக்குறிப்பு.

வினையோ அதற்கு ஈடான சொல்லோ அந்த ஆளையே நேராகக் கேட்டால் செல்ஃப் திரும்பி வந்துவிடும்: ‘ஹி டாக்ஸ் டு ஹிம்செல்ஃப்’, ‘ஷி இஸ் ப்ரவுட் ஆஃப் ஹெர்செல்ஃப்’, ‘லுக் ஆஃப்டர் யுவர்செல்ஃப்’. யாரிடம் பேசுகிறான், யாரை நினைத்துப் பெருமை, யாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே பதில் வேண்டியிருக்கிறது.

‘நானே’ என்பதற்கும் மைசெல்ஃப்தானே?

ஆமாம், ஆனால் இது வேறு வேலை. இங்கே மைசெல்ஃப் வெறும் அழுத்தம், நம் ஏகாரம் மாதிரி. ‘நானே சமைத்தேன்’ என்பது ‘ஐ குக்ட் இட் மைசெல்ஃப்’. ‘கலெக்டரே வந்தார்’ என்பது ‘தி கலெக்டர் ஹிம்செல்ஃப் கேம்’. எடுத்துவிட்டாலும் வாக்கியம் உடையாது என்பதுதான் அடையாளம்: ‘ஐ குக்ட் இட்’ நிற்கும், ‘தி கலெக்டர் கேம்’ நிற்கும். ‘ரவி ஹர்ட்’ என்று நிறுத்திப் பாருங்கள், நிற்காது.

‘பை மைசெல்ஃப்’ என்றால் தனியாக அல்லது பிறர் உதவி இல்லாமல். ‘ஐ லிவ் பை மைசெல்ஃப்’. கடிதத்தை எழுதியது நான் என்று சொல்ல ‘தி லெட்டர் வாஸ் ரிட்டன் பை மீ’ என்றே எழுத வேண்டும், நிறைய விண்ணப்பங்களில் இது ‘பை மைசெல்ஃப்’ என்று தவறாக இருக்கும்.

ஒரு பெரியவரிடம் பேசும்போது யுவர்செல்வ்ஸ் என்று பன்மையில் சொல்லலாமா?

வேண்டாம். நாம் ஒருவரையே ‘நீங்கள்’ என்று மரியாதையாக அழைப்பதால் வரும் ஆசை இது. ஆங்கிலத்தில் ஒருவர் என்றால், அவர் முதலமைச்சராக இருந்தாலும் யுவர்செல்ஃப்தான். யூ என்ற சொல் நீ, நீங்கள், பலபேர் எல்லாவற்றுக்கும் பொது, ஆனால் செல்ஃப் சேரும்போது மட்டும் ஒருமையும் பன்மையும் பிரிந்துவிடுகின்றன. பந்தியில் பத்துப் பேரைப் பார்த்துச் சொன்னால் ‘ஹெல்ப் யுவர்செல்வ்ஸ்’.

‘தன் வண்டி’ என்பதற்கு ஆங்கிலத்தில் செல்ஃப் வடிவம் உண்டா?

இல்லை. ‘ரவி தன் வண்டியில் போனான்’ என்பது ‘ரவி வென்ட் ஆன் ஹிஸ் பைக்’. அந்த ஹிஸ் யாருடையது என்ற குழப்பம் வந்தால் ‘ஹிஸ் ஓன் பைக்’ என்று ஓன் சேர்த்துவிடுங்கள்.

தெம்செல்வ்ஸ், ஈச் அதர் இரண்டும் ஒன்றா?

‘தே பிளேம்ட் தெம்செல்வ்ஸ்’ என்றால் ஒவ்வொருவரும் ‘என் தப்புதான்’ என்றார்கள். ‘தே பிளேம்ட் ஈச் அதர்’ என்றால் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள், அதாவது சண்டை. ‘தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்’ என்பதற்கு மட்டும் ‘தே டாக்ட் அமங் தெம்செல்வ்ஸ்’.

மைசெல்ஃப், யுவர்செல்ஃப் என்று இருக்கும்போது ஹிஸ்செல்ஃப் ஏன் இல்லை?

நியாயமான கேள்வி. மை, யுவர், அவர் மூன்றும் உடைமைச் சொற்கள். ஹிம், தெம் இரண்டும் செயப்படுபொருள் வடிவங்கள். இரண்டு காலத்துப் பழக்கங்கள் ஒரே பட்டியலில் கலந்துவிட்டன. ஹிஸ்செல்ஃப், தெயர்செல்வ்ஸ் என்று சொல்லும் வட்டார வழக்குகள் இன்றும் உண்டு, அந்த ஊர்க்காரர்கள் ஒழுங்கான வழியில்தான் போயிருக்கிறார்கள். ஆனால் பரீட்சையில் அது பிழை.

இரண்டு சொல்லும் சரியாக வரும் இடமே கிடையாதா?

கிடைக்கும். ‘ஷி கெப்ட் எ போட்டோ ஆஃப் ஹெர்செல்ஃப்’, ‘ஷி கெப்ட் எ போட்டோ ஆஃப் ஹெர்’ இரண்டுமே அவளுடைய படத்தைக் குறிக்கலாம், இரண்டாவதில் மட்டும் வேறொரு பெண்ணின் படமாகவும் இருக்க வழி இருக்கிறது. ‘பீப்பிள் லைக் மீ’, ‘பீப்பிள் லைக் மைசெல்ஃப்’ இரண்டையும் எழுதலாம். சந்தேகம் இருந்தால் மீ போடுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ‘ஹி வாஸ் பிசைட் ஹிம்செல்ஃப்’ என்பதில் மட்டும் கை வைக்காதீர்கள். அது கோபத்திலோ துக்கத்திலோ ஒருவர் தன்னிலை மறந்து நிற்பதைச் சொல்கிறது. செல்ஃபை எடுத்துவிட்டால் யாரோ ஒருவர் பக்கத்தில் நின்றார் என்பதற்கு மேல் அதில் எதுவும் இருக்காது.